சமுதாயம் என்னும் கருத்தாக்கம்: ஜோன் அரியின் வாதமும் மலேசியத் தோட்டப்புறமும்

உலகமயச் சூழலில் 'சமுதாயம்' என்னும் கருத்தாக்கத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என வலியுறுத்தியோருள் பிரித்தானியச் சமூகவியலாளர் ஜோன் அரி (1946–2016) குறிப்பிடத்தக்கவர். 'சமுதாயங்களுக்கு அப்பாற்பட்ட சமூகவியல்' என்னும் பொருள்படும் தலைப்பில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், நாட்டெல்லைக்குள் அடங்கிய சமுதாயத்தை ஆய்வின் அடிப்படை அலகாகக் கொள்ளும் மரபை அவர் வினாவுக்கு உட்படுத்துகிறார். மக்கள், பொருள், தகவல் ஆகியவற்றின் நகர்வே சமூகவியலின் மையமாதல் வேண்டும் என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதத்தின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும், எல்லைக்குட்பட்ட சமுதாயம் முன்னர் இருந்தது, நகர்வு பின்னர் வந்து அதனைக் கரைத்தது என்னும் வரிசைமுறை இதில் உட்கிடையாக உள்ளது. மேலை நாடுகள் சிலவற்றுக்கு அது பொருந்தலாம், மலாயாவுக்குப் பொருந்தாது.

இங்கு நகர்வே முதலில் நிகழ்ந்தது. 1907இல் தோன்றிய தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்றுத் தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. கங்காணிகள் தத்தம் ஊர்களில் ஆள்திரட்டினர். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சார்ந்த தோட்டச் சமுதாயம் இந்நகர்வின் விளைவாகவே உருவானது. அதன் எல்லையை வரைந்ததில் அரசுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகத் தோட்டத் தமிழர் பலர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. எனவே நகர்வை ஆராய்வோர், யார் யாரை நகர்த்தினர், யார் செலவில், யார் நலனுக்காக என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

சொல் பற்றிய சிக்கலும் ஒன்றுண்டு. அரி குறிக்கும் சமுதாயம் நாட்டு மக்கள் அனைவரையும் உள்ளடக்கியது. மலேசியத் தமிழ் வழக்கில் 'நம் சமுதாயம்' என்பது பெரும்பாலும் இந்தியரை மட்டுமே சுட்டும். இவ்வேறுபாட்டை உணராமல் அவர் முடிவுகளைத் தமிழில் எடுத்தாண்டால், நாட்டெல்லை பற்றிய வாதம் இனக்குழு பற்றிய புலம்பலாகத் திரிந்துவிடும்.

இன்று செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் பெருமளவில் உழைக்கின்றனர். தோட்டப்புறப் புதினங்களைக் கற்பிக்கும் ஆசிரியர், நம் முன்னோரின் துயரை விளக்குவதோடு நின்றுவிடாமல், அதே மண்ணில் இன்று உழைக்கும் இவர்கள் எந்தச் சமுதாயத்தினர் என்ற வினாவையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். அரியின் நூல் நமக்குப் பயன்படுவது இவ்விடத்திலேயே ஆகும்.