பழி சட்டத்திற்கா, நீதிபதிக்கா?

தண்டனையைப் பற்றி மேனாட்டார் எழுதிய நூல்களை எண்ணத் தொடங்குவோர் செசாரே பெக்காரியாவின் ‘குற்றங்களும் தண்டனைகளும்’ என்னும் சிறுநூலை முதலில் வைப்பது வழக்கம். 1764ஆம் ஆண்டு லிவோர்னோ நகரில் ஆசிரியர் பெயரின்றி அது அச்சேறியது. எழுதிய மிலான் நகரத்து இளைஞருக்கு அப்போது வயது 26. இரண்டாண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை அதனைத் தடைநூற்பட்டியலில் சேர்த்தது. 1786இல் தஸ்கனியின் கோமகன் லியோபோல்ட் மரண தண்டனையையும் சித்திரவதையையும் தம் நாட்டில் ஒழித்தார். அந்நூலின் புகழைப் பாடியவர் பலர். அதன் அடிப்படையையே அசைத்துப் பார்த்தவர் பெக்காரியாவின் மகள் வயிற்றுப் பேரர் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி என்பதைச் சொல்வோர் சிலரே.

பெக்காரியா கூறுவது இது: மனிதன் கூடி வாழ்வதற்காகத் தன் சுதந்திரத்தில் மிகமிகச் சிறிய பங்கையே விட்டுக்கொடுத்தான். அச்சிறு பங்குகளின் தொகையே தண்டிக்கும் உரிமை. அதற்கு மேல் ஆள்வோர் எடுத்துக்கொள்வது யாவும் அத்துமீறல். தன் உயிரை எடுக்கும் உரிமையை எவனும் பிறனுக்கு ஈந்ததில்லை. தண்டனையின் கொடுமையன்று, அது தப்பாமல் வரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும். சித்திரவதையோ, உடல் வலுவுள்ள குற்றவாளியை விடுவித்து, வலுவற்ற நிரபராதியைக் குற்றவாளியாக்கும் கருவி.

நீதிபதிக்கு அவர் கொடுக்கும் வேலை மிகக் குறுகியது. சட்டம் ஒரு வாக்கியம், நடந்த செயல் மற்றொரு வாக்கியம், தீர்ப்பு இரண்டிலிருந்தும் பெறப்படும் முடிவு, அவ்வளவே. மத்ரஸாவில் மன்திக் பாடம் ஓதியவர்கள் ஸுக்ரா, குப்ரா, நதீஜா என்று மனனம் செய்ததை நினைவு கூரலாம். சட்டத்தின் ‘உட்கருத்தை’த் தேடப் புறப்படும் நீதிபதியைப் பெக்காரியா நம்பவில்லை. நல்ல சட்டத்தைத் தெளிவாக எழுதிவைத்தால் மனிதனின் மனச்சாய்வுக்கு அங்கே இடமிராது என்பது அவர் நம்பிக்கை. மன்சோனியின் நூல் கை வைப்பது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

பெக்காரியா எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய ஊரில் ஒரு தூண் நின்றுகொண்டிருந்தது. ‘இழிவுத் தூண்’ என்பது அதன் பெயர். 1630ஆம் ஆண்டு மிலானைக் கொள்ளைநோய் வாட்டியது. நோயைப் பரப்பச் சிலர் சுவர்களில் நஞ்சு பூசுகிறார்கள் என்ற வதந்தி ஊரெங்கும் பரவியிருந்தது. ஜூன் 21ஆம் நாள் காலை, மழையில், ஒருவன் சுவரோரமாகக் கையைச் சுவரில் தேய்த்தவாறு நடந்து செல்வதைக் கண்டதாக ஒரு பெண் சொன்னாள். அவன் சுகாதார அலுவலனாகிய குல்யெல்மோ பியாட்சா. மழைக்கு ஒதுங்கி நடந்தான். எழுதும் தொழிலுடையவனாகையால் விரலிலிருந்த மையைத் துடைத்திருக்கலாம் என்பது மன்சோனியின் ஊகம். நீதிபதிகளோ, அவன் சொன்னது நம்பத்தக்கதாயில்லை என்று கூறி இருமுறை சித்திரவதை செய்தனர். அவன் ஒப்பவில்லை. பிறகு, உண்மையைச் சொன்னால் தண்டனையில்லை என்று ஆசை காட்டினர். அவன் ஜான் ஜாக்கோமோ மோரா என்ற நாவிதனின் பெயரைச் சொன்னான்.

மோராவின் வீட்டில் ஒரு பாத்திரத்தில் சலவைக்கான சாம்பற்கார நீர் இருந்தது. அது நஞ்சா என்று கண்டறிய வண்ணார் மகளிர் அழைக்கப்பட்டனர்! சித்திரவதையின் நடுவே அந்த ஏழை நாவிதன், தாங்கள் எதைச் சொல்ல விரும்புகிறீர்களோ அதைத் தெரிவித்தால் அதையே சொல்லிவிடுவதாக நீதிபதிகளிடம் கூறினான். இருவரும் கொல்லப்பட்ட விதத்தை இங்கு விரித்துரைக்க எனக்கு மனமில்லை. மோராவின் வீட்டை இடித்து, அவ்விடத்தில் இனி எவரும் வீடு கட்டலாகாது என்று பொறித்து, தூணை நாட்டினர். 1778இல்தான் அது அகற்றப்பட்டது.

பெக்காரியாவை எழுதத் தூண்டிய நண்பர் பியெத்ரோ வெர்ரி, இந்த வழக்கை வைத்துச் சித்திரவதையைச் சாடும் நூலொன்றை 1777இல் எழுதினார். தந்தையார் மிலான் செனட்டில் பெரும் பதவி வகித்தவர். அந்தச் சபையின் பழைய களங்கத்தை வெளியிடத் தயங்கினார். அவர் மறைந்தபின் 1804இல்தான் அது வெளிவந்தது. வெர்ரியின் முடிவு: அறியாமையும் சித்திரவதைச் சட்டமுமே அந்த அநீதியைச் செய்தன. 1842இல் வெளிவந்த ‘இழிவுத் தூணின் வரலாறு’ என்ற நூலில் மன்சோனி இதனை மறுக்கிறார். சித்திரவதை தீய சட்டமே. ஆனால் இந்த இருவரையும் சித்திரவதை செய்யும்படி அச்சட்டம் கட்டளையிடவில்லை. அதற்கு வேண்டிய அடையாளச் சான்றுகள் இவையெனச் சட்ட அறிஞர்கள் வரையறுத்திருந்தனர். நீதிபதிகள் அந்த வரையறைகளையே மீறினர். ஊரின் சீற்றத்திற்கு அஞ்சி, குற்றவாளி கிடைத்தே ஆகவேண்டும் என்ற வெறியில், தாங்கள் அறிந்திருக்கக்கூடிய உண்மையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டனர்.

இங்கே மன்சோனி செய்யும் ஒரு காரியம் ஓதிக்கொடுத்துப் பழகிய எனக்குத் தனி மகிழ்ச்சி தந்தது. ஃபாரினாச்சி என்ற பழைய சட்ட அறிஞர், துன்புறுத்துவதில் இன்பம் கண்டு புதுவகை வேதனைகளைப் புனையும் நீதிபதிகளைப் பற்றி எழுதியிருந்தார். வெர்ரி அதனை அக்காலச் சட்ட அறிஞரின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டினார். மன்சோனி மூலத்தைத் திறந்து பார்த்தார். ஃபாரினாச்சி அத்தகையோரைக் கண்டித்தல்லவா எழுதியிருக்கிறார்! கிதாபின் பாதி வரியை மட்டும் படித்துவிட்டுச் சட்டம் சொல்ல வரும் மாணவனை உஸ்தாதுமார்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் மன்சோனி தம் பாட்டனாரின் நண்பரைப் பார்க்கிறார். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட நூலாயிற்றே என்று விட்டுவிடவில்லை.

மன்சோனிக்கு இதில் பெரிதாகத் தோன்றியது வேறொன்று. பழி முழுவதும் காலத்தின் மீதும் சட்டத்தின் மீதும் போய்ச் சேருமானால், அவர்களால் வேறுவிதமாகச் செய்திருக்கவே இயலாது என்றாகிவிடும். அப்பால் மனிதன் இறைவனின் பராமரிப்பை மறுக்க வேண்டும், அல்லது அவன் மீதே குறை கூற வேண்டும். அகீதா பாடத்தில் மனிதனின் தேர்வையும் விதியையும் பற்றி வாதித்தவர்களுக்கு இந்த நெருக்கடி புதிதன்று.

எனினும் பேரர் சொல்வதை முழுவதுமாக ஏற்க என்னால் இயலவில்லை. நீதிபதி நெறி தவறினான் என்பது மெய். ஆனால் நெறி தவறிய மனிதனின் கைக்கு எட்டும் தொலைவில் கயிற்றையும் கொக்கியையும் வைத்திருந்தது எது? வற்புறுத்திப் பெறும் ஒப்புதல் செல்லாது என்று நம் ஃபிக்ஹு அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் கூறியதற்குக் காரணம், காழிகள் எல்லோரும் நல்லவர்கள் என்று அவர்கள் நம்பியதன்று. பெக்காரியா கதவை அடைக்கச் சொன்னார். அடைத்தபின்னும் உள்ளிருப்பவனை யார் கேட்பது என்ற கேள்வியை அவர் எழுப்பாமல் விட்டார். நீதிபதியை வெறும் வாக்கியக் கணக்கனாக்கிவிட்டால் அவனிடம் கேட்க ஒன்றுமிராது என்று எண்ணியிருக்கலாம். எந்தச் செயல் ‘நம்பத்தக்கது’, எது அன்று என்று முடிவு செய்யும் இடத்தில் அந்தக் கணக்கன் மீண்டும் மனிதனாகிவிடுகிறான். பியாட்சாவைக் கயிற்றில் ஏற்றியது அந்த ஒரு சொல்தானே!

இவ்வழக்கில் பாதில்லா என்ற பெயரும் இழுக்கப்பட்டது. அவர் மிலான் கோட்டைத் தளபதியின் மகன். அவருக்கு வழக்கறிஞர் இருந்தார், அவகாசமும் இருந்தது. அதே நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. தூண் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. நாவிதன் மோரா சித்திரவதையின் நடுவே சொன்ன சொற்களும் பாதில்லாவின் வாதத்திற்காக அச்சிடப்பட்ட தாள்களின் வழியாகவே வெர்ரிக்கும் மன்சோனிக்கும் வந்து சேர்ந்தன.