தெட்சணாமூர்த்தியின் தவில்: செவிவழிக் கதையும் ஒலிப்பதிவும்

இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) அவர்களைப்பற்றி நம்மவர் பேசும்போது, பெரும்பாலும் தாம் கேட்டதைப் பேசுவதில்லை. தம் தந்தையர் கேட்டதாகச் சொன்னதையே பேசுகின்றனர். இரவிரவாக நடந்த சமாக்கள், விடியும்வரை கலையாத சனம், கண்ணுக்குப் புலப்படாத விரல்வேகம் என அக்கதைகள் வளர்கின்றன. அவை பொய்யென்பது என் கருத்தன்று. எனினும், ஒலிப்பதிவுகள் கைக்கெட்டுந் தூரத்தில் இருக்கக் கதையை மாத்திரம் போற்றுதல் விமரிசனமாகாது.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசைக்கு முன்னோடியாய் விளங்கிய பட்டி போல்டன் (1877–1931) வாசித்த எதுவும் இன்று கேட்கக் கிடைப்பதில்லை. அவர் ஊதிய குழலோசை பல மைல் தூரம் கேட்டதென்னும் கதையே எஞ்சியது. அவ்வூராருக்கு வேறு வழியில்லை. நமக்கு உண்டு.

பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசையே அடங்கும். தனி ஆவர்த்தனம் அதற்குள் எங்ஙனம் கொள்ளும்? ஒலிநாடா பரவிய பின்னரே தவிலின் விரிவைப் பதிவது எளிதாயிற்று. தெட்சணாமூர்த்தியின் முதிர்ந்த வாசிப்பும் அக்காலத்ததே. ஈழத்திலும் தமிழகத்திலும் பதிவான சில நாடாக்கள், படிமேற் படியாக எடுக்கப்பட்டு, இன்று இணையத்திற் கிடைக்கின்றன. அம்ஷன் குமார் 2015 இல் உருவாக்கிய ஆவணப்படமும் பலரை இவர்பால் திருப்பிற்று.

நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்கையில், குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகுக்குக் காத்துநின்ற வேளையிலேதான் அவற்றுட் சிலவற்றை முதன்முதல் அடுத்தடுத்துக் கேட்டேன். கடற்காற்றில் பாதி அடிபட்டுப் போயிற்று. வீடு திரும்பிப் பன்முறை கேட்டேன். வேகத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு முதலிற் புலப்பட்டது அவருடைய அடக்கம். நாகசுரம் கீர்த்தனையை இழைத்துச் செல்லும்போது வலந்தலை ஒதுங்கிவிடுகின்றது. தொப்பியிற் கழி, இசைச் சொற்றொடர் முடியும் விளிம்பில் மட்டும் மெல்லத் தொடுகின்றது. தனி ஆவர்த்தனத்திலோ, நான்கின் நடை ஐந்தாக மாறுவதை அவர் முன்னறிவிப்பதேயில்லை. அடிகள் விழவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுச் செல்கின்றார். தாளத்தை நாமே கையிற் பிடித்திருக்க வேண்டும். இருமுறை நான் தவறவிட்டேன் என்பதை மறைப்பானேன்? கூடணிந்த வலக்கை விரல்களையே யாவரும் புகழ்வர். என் செவிக்கு, அவ்வாசிப்பின் கட்டுமானம் இடக்கையின் கழியிலேயே தங்கியுள்ளது.

வேகத்தைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். படியெடுக்கும் கருவி சற்று விரைந்து சுழன்றால் சுருதி ஏறும். வேகமும் உடன் ஏறும். அரைக் கட்டை ஏறினால் வேகம் நூற்றுக்கு ஆறளவிற் கூடிவிடும். தவிலை மட்டும் கேட்பவர் இதனை உணரார். உடன் ஒலிக்கும் நாகசுரத்தின் சுருதியை, அக்கலைஞரின் பிற பதிவுகளோடு ஒப்பிட்டே அறிதல் வேண்டும். நான் சோதித்த ஒரு பதிவு அங்ஙனம் ஏறியிருந்தது. அதனை இறக்கிக் கேட்டபோது வியப்புச் சிறிது குறைந்தது உண்மை. ஆனால் அதுவரை ஒன்றோடொன்று மோதிக் கிடந்த சொற்கள் தனித்தனியே தெளிந்தன. மெய்யான தெட்சணாமூர்த்தி கதையில் வருபவரினுஞ் சற்று மெதுவானவர். அவரினும் மிக நுட்பமானவர்.

இப்பதிவுகள் பலவற்றில் ஆண்டில்லை, இடமில்லை, சிலவற்றில் நாகசுரக்காரர் பெயருமில்லை. அச்சமாக்களை நேரிற் கேட்டோர் தொகையோ ஆண்டுதோறும் அருகி வருகின்றது. எங்கள் தீவில் வாழும் முதியவர் ஒருவருக்கு அண்மையில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். நாகசுரம் அளவெட்டி என்.கே. பத்மநாதன் என்று உடனே சொன்னார். எந்தக் கோயில், ஐயா என்று வினவினேன். கண்ணை மூடிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொருமுறை போடச் சொன்னார்.