சுவரில் விளைந்த சலவைக்கல்

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் முகப்பைத் தாண்டி உள்ளே போகிறவர்களின் கண் முதலில் தரைக்குத்தான் போகும். இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த சலவைக்கல் அல்லவா! நான் சுவரைத்தான் பார்ப்பேன். வளவில் விழும் வெயில் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். தூணின் உருவம் அதில் மங்கலாகத் தெரியும். உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்றிருக்கும். தரையில் கிடக்கும் கல்லே எழுந்து நிற்கிறதோ என்று தோன்றும். உள்ளே இருப்பதோ செங்கல். மேலே வெறும் சுண்ணாம்பு.

இந்தச் சுவர் வேலைக்கு முட்டைப் பூச்சு என்று பெயர். அதைக் கேட்டு, முட்டையில்தான் சூட்சுமம் என்று நினைத்துவிடுகிறோம். எனக்கு அதைத் தேய்க்கும் விதம்தான் அதிசயம். நீற்றிய சுண்ணாம்போடு மணல் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, முதலில் கனமாகப் பூசுவார்கள். அடுத்தடுத்த பூச்சு மெலிந்துகொண்டே போகும். கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்பைச் சந்தனம்போல் மைய அரைத்து, வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். அது இறுகி வரும்போது வழுவழுப்பான கூழாங்கல்லால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சுவர் வியர்க்கும், துணியால் ஒற்றிவிட்டு மறுபடி தேய்ப்பு. கொஞ்சம் முந்தினால் சாந்து கல்லோடு பிய்ந்து வந்துவிடும். பிந்தினால் நாள்முழுக்கத் தேய்த்தாலும் மினுமினுப்பு ஏறாது.

செட்டிநாட்டில் மட்டுமல்ல, மதுரையில் 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பிரம்மாண்டமான தூண்களும் சுதை பூசியவைதான். 1780-இல் சென்னைக்கு வந்த ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், சுண்ணாம்புப் பூச்சில் பளபளத்த கட்டடங்களைக் கண்டு, பழைய கிரேக்க நகரம் ஒன்றின் முன் நிற்பதுபோல் உணர்ந்தார். அந்த வேலைப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ‘மெட்ராஸ் சுனாம்’ என்றே பெயர். நம் சுண்ணாம்புதான் அப்படித் திரிந்து போயிருக்கிறது.

இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரத்தைப் போலவோ பித்தளையைப் போலவோ தீட்டும் வண்ணம் கடைசிவரை வண்ணம்தான். சுண்ணாம்பின் கதை வேறு. சூளையில் கரியமிலவாயுவை இழந்த சுண்ணாம்பு, சுவரில் ஏறியபின் காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சங் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு, கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. சலவைக்கல்லும் பெரும்பாலும் அதே பொருள்தான். பூமிக்குள் வெப்பமும் அழுத்தமும் யுகக்கணக்கில் செய்ததை, கொத்தனார் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு சில நாட்களில் எட்டிப்பிடிக்கப் பார்த்திருக்கிறார்.

இப்படிப்பட்ட சுவரின்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், வண்ணம் கொப்புளித்து உரிகிறது. அப்படி அடித்திருந்த ஒரு வீட்டில், பழைய பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னால் வண்ணம் எட்டாத ஆளுயரத் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தது. வேட்டி நுனியால் தூசியைத் துடைத்தேன். எதிர் ஜன்னலின் கம்பிகள் ஒவ்வொன்றாக அதில் தெரிந்தன.