மெழுகில் ஒரு பல்

அமெரிக்காவில் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. இன்று அது அவர் பெயரிலேயே நடக்கிறது. அங்கும் சரி, நாட்டின் மற்றப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் சரி, முதலாண்டு மாணவர் நோயாளியின் வாயைத் தொடுவதற்கு வெகு முன்பே ஒரு மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல்லாக்கப் பழகுகிறார். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கு முகடுகள், அவற்றில் இரண்டைக் குறுக்காக இணைக்கும் ஒரு வரப்பு, இடையே பள்ளங்கள். கத்தி ஒரு இழை ஆழமாகப் போனால் வரப்பு அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்துதான். மருத்துவத்துக்குள் இப்படியொரு சிற்பக்கலை இருப்பதே எனக்கு அழகாகப் படுகிறது.

செயற்கைப் பல்லைக் கணினி வடிவமைத்து இயந்திரம் கடைந்து தரும் காலத்தில் இந்த மெழுகு வேலை எதற்கு என்று கேட்கிறார்கள். மதிப்பெண்ணுக்காக மெழுகைப் பளபளப்பாக்குவதில் மணிக்கணக்கில் வீணாவது உண்மை, அதைக் குறைக்கலாம். ஆனால் ஈறுக்கடியில் காறை சுரண்டுபவருக்குக் கண் உதவாது, விரல்தான் பார்க்க வேண்டும். மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்தில், ஈறை ஒட்டி, ஒரு குழிவு வேருக்குள் இறங்குகிறது. கருவி அதைத் தாண்டி வழுக்கிப் போனால் காறை அங்கேயே தங்கி ஈறைக் கெடுக்கும். அந்தக் குழிவை மெழுகில் தன் கையால் தோண்டியவருடைய விரல் அங்கே தானாக நின்று திரும்பும்.