ஏழு நாள் பேட்ச்: மெதுவாக வரும், மெதுவாகவே போகும்

அம்மாவுக்கு முதுகெலும்பு தேய்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதி வலி மாத்திரைகளோடு போனது. பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறி, சிறுநீரகம் தளர்ந்தது தெரிந்த நாளோடு அந்த மாத்திரைகள் நின்றன. ஈரலில் சிதைவதால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் கொடுக்கலாம் என்று வலி சிகிச்சை மருத்துவர் எழுதித் தந்தது பியூப்ரெனார்ஃபின் பேட்ச். மணிக்கு 5 மைக்ரோகிராம் மருந்து. ஒன்று ஒட்டினால் ஏழு நாள். கடந்த ஐந்து மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பேட்சுகளை என் கையாலேயே ஒட்டி, எடுத்திருக்கிறேன். அந்த அனுபவம்தான் இந்த விமர்சனம்.

கையில் எடுத்தால்

தீப்பெட்டி அளவு, சந்தன நிறம், வட்ட முனைகள். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரிக்கும் இதற்கும் கண்ணுக்கு அதிக வேறுபாடு தெரியாது. ஆனால் ஒட்டும் பசையிலேயே ஓபியாய்டு மருந்து கலந்திருக்கிறது. அது தோல் வழியாக இரத்தத்தில் இறங்கி, மூளையிலும் தண்டுவடத்திலும் வலியைத் தணிக்கிறது. பயணத்தில் வரும் குமட்டலுக்காகக் காதின் பின்னால் ஒட்டும் பேட்சுக்கு 1979இல் அமெரிக்கா அனுமதி தந்தது முதல் வளர்ந்துவரும் தொழில்நுட்பம் இது.

“முதுகு வலிக்குக் கையில ஒட்டினா எப்படிடா கேக்கும்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மருந்து இரத்தத்தில் கலந்து போவதால் வலிக்கும் இடத்தில் ஒட்டத் தேவையில்லை. மேல் கையின் வெளிப்புறம், மேல் மார்பு, மேல் முதுகு, விலாவின் பக்கம் என நான்கு இடங்கள்; இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. ஒரு முறை ஒட்டிய இடத்தில் மூன்று வாரம் கழித்தே மறுபடி ஒட்டலாம். மாதக் காலண்டரில் தேதியோடு “வலது கை”, “இடது மார்பு” என்று எழுதி வருகிறோம்.

ஒட்டும் முறை

தோலை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போக உலர்த்த வேண்டும். சோப்பு, எண்ணெய், பவுடர், ஸ்பிரிட் எதுவும் கூடாது. முடி இருந்தால் கத்தரியால் வெட்டலாம், மழிக்கக் கூடாது. கீறல் விழுந்த தோல் மருந்தை அதிகமாக உள்ளே விடும். ஒட்டியபின் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கில் பேட்ச் பிடிக்காது என்பதால் மாற்றும் நாளைப் புதன்கிழமையாக வைத்துக்கொண்டோம்.

பாதியாக வெட்டி ஒட்டும் சிக்கனம் இதில் வேண்டவே வேண்டாம். வெட்டினால் மருந்து என்ன வேகத்தில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எப்படி வேலை செய்கிறது?

முதல் இரண்டு நாள் ஏமாற்றமாக இருந்தது. இரண்டாம் இரவு அம்மா, “இன்னொண்ணு ஒட்டிவிடு கண்ணு, தாங்கல” என்றார். என் கை பெட்டி வரைக்கும் போனது. இரத்தத்தில் மருந்து நிலையான அளவுக்கு வர மூன்று நாள் ஆகும் என்று செவிலியர் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்ததால் நிறுத்திக்கொண்டேன். இரண்டாவதை ஒட்டியிருந்தால் மூன்றாம் நாள் இரண்டின் வேகமும் சேர்ந்து ஏறியிருக்கும்.

பேட்சை எடுத்த பிறகும் தோலில் தேங்கிய மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 10 முதல் 24 மணி நேரம் ஆகும். இந்தக் கருவியின் இயல்பே மெதுவாக வருவதும் மெதுவாகப் போவதும்தான். பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

இப்போது வலி போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. பத்துக்கு எட்டு என்று சொல்லிவந்தவர் நான்கு என்கிறார். காய் நறுக்க அரை மணி நேரம் உட்கார முடிகிறது. மலச்சிக்கலும் முதல் வாரம் தலைசுற்றலும் இருந்தன. இரண்டையும் மருத்துவரிடம் சொன்னோம்.

வெப்பம் என்னும் எதிரி

நம் வீடுகளில் வலி என்றால் தைலம், வெந்நீர்ப் பை, ஒத்தடம். பேட்ச் ஒட்டியவருக்கு அந்த இடத்தில் ஒத்தடம் ஆபத்து. சூடு பட்டால் தோலுக்கடியில் இரத்த ஓட்டம் கூடும். மருந்து வேகமாக இறங்கும். ஹீட்டிங் பேட், கொதிக்கும் வெந்நீர்க் குளியல், நெடுநேர வெயில், கடும் காய்ச்சல் எல்லாம் இதே கணக்கு. காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரைக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் பேட்ச் ஒட்டியிருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். சில பேட்சுகளின் மேல்தாளில் உலோகம் இருப்பதால் தோல் வெந்துபோகலாம்.

பெரிய குறை

அக்னி நட்சத்திர வியர்வையில் பேட்சின் ஓரம் எழும்பியது. ஒரு காலை பார்த்தால் கையில் பேட்சே இல்லை. வீடு முழுக்கத் தேடிப் போர்வை மடிப்பில் கண்டெடுத்தேன். அந்தப் போர்வைக்குள்தான் என் நான்கு வயது மகள் பாட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கியிருந்தாள். அவள் உடம்பைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்த அந்த நிமிடங்களை என்னால் மறக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். எங்கள் பேட்சில் இருப்பது 5 மில்லிகிராம். மணிக்கு 5 மைக்ரோகிராம் வீதம் 168 மணி நேரத்தில் உள்ளே போவது 0.84 மில்லிகிராம். ஆக, தீர்ந்துபோனது என்று எடுத்த பேட்சில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மருந்து மிச்சம். இதைவிட வலிமையான ஃபென்டனில் பேட்சால் குழந்தைகள் தற்செயலாகப் பாதிக்கப்பட்ட 26 நிகழ்வுகளை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012இல் பட்டியலிட்டது, அவற்றில் 10 குழந்தைகள் இறந்துவிட்டனர்.

அன்றிலிருந்து ஓரங்களில் மருத்துவ டேப் ஒட்டுகிறோம். காலையும் இரவும் பேட்ச் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறோம். மகள் தனிப் படுக்கையில் தூங்குகிறாள். எடுத்த பேட்சைப் பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பூட்டிய டப்பாவில் வைத்து மருத்துவமனையிலேயே திருப்பித் தருகிறோம். அந்த வசதி இல்லாவிட்டால் கழிப்பறையில் போட்டு நீர் ஊற்றிவிடச் சொல்கிறது எஃப்.டி.ஏ. குப்பைக்கூடையில் மட்டும் போடாதீர்கள். குழந்தைமேல் ஒட்டியிருந்தால் உரித்தெடுத்து, வெறும் தண்ணீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பேட்ச் எல்லாம் ஒன்றல்ல

ஃபென்டனில் பேட்ச் மூன்று நாளுக்கு ஒன்று. ஏற்கெனவே ஓபியாய்டு மருந்துக்குப் பழகிய உடம்புக்கு மட்டுமே. அக்கிக்குப் பின் தங்கும் நரம்பு வலிக்கான லிடோகெய்ன் பேட்சை வலிக்கும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவைக்க வேண்டும். பசையை மூடியிருக்கும் தாளை உரிக்கும் முன் வெட்டவும் செய்யலாம். டைக்ளோஃபெனாக் பேட்ச், அம்மாவுக்கு நிறுத்திய அந்தப் பழைய வலி மாத்திரைகளின் இனம். ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்தினால் விபரீதம். பக்கத்து வீட்டார் தந்த பேட்சை ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

யாருக்கு வாங்கலாம்?

நாள் முழுக்க நீடிக்கும் வலி, மற்ற மருந்துகள் உதவாத நிலை, கூட இருந்து கவனிக்க ஓர் ஆள் - இம்மூன்றும் இருந்தால் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசலாம். மதுவோ தூக்க மாத்திரையோ உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சேர்ந்தால் மூச்சு அடங்கும். எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், மெல்லிய, மிக மெதுவான மூச்சு தெரிந்தால் பேட்சை எடுத்துவிட்டு 108ஐ அழையுங்கள். எடுத்துவிட்டோமே என்று காத்திருக்காதீர்கள். தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

புதன்கிழமை காலைகளில் அம்மா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருவார். பழைய பேட்சை எடுத்து, மடித்து, டப்பாவைப் பூட்டிச் சாவியை அவரிடம் காட்டுவேன். “எடுத்தாச்சா?” என்பார். “எடுத்தாச்சும்மா.” காலண்டரில் எழுதிய பிறகே புதிய உறையைக் கிழிப்பேன்.