ஏ4 தாளும் இரண்டின் வர்க்கமூலமும்

அலுவலகங்களிலும் நகலெடுக்கும் கடைகளிலும் கட்டுக்கட்டாகப் புழங்கும் ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் நீளமும் 210 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பார்வைக்குத் தற்செயலாகத் தோன்றும் இவ்வளவுகளில்தான் அத்தாளின் அழகு இருக்கிறது. நீளத்தைச் சரிபாதியாக மடித்த பின்னும் தாளின் வடிவம் மாறாதிருக்க வேண்டுமெனில், நீளத்தை அகலத்தால் வகுத்துக் கிடைக்கும் ஈவின் வர்க்கம் 2 ஆக வேண்டும். ஜெர்மானிய அறிஞர் லிக்டன்பெர்க் 1786-இல் ஒரு கடிதத்தில் சுட்டிய இப்பண்பை, 1922-இல் ஜெர்மனி தாள் அளவுகளுக்கான தரமாக ஏற்றது.

ஆனால் இரண்டின் வர்க்கமூலம் ஒரு விகிதமுறா எண், அதாவது இரு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாதது. முடியும் எனக் கொண்டு அப்பின்னத்தை மேலும் சுருக்க இயலாத வடிவில் வைத்தால், தொகுதியின் வர்க்கம் பகுதியினுடைய வர்க்கத்தின் இருமடங்காக இருப்பதால் தொகுதி இரட்டைப்படை எண்ணாகிறது. அதன் வர்க்கம் நான்கால் வகுபடுவதால் பகுதியும் இரட்டைப்படையாகி, சுருக்க இயலாது என்ற கூற்றே பொய்த்துவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான வாதம் கணிதத்திலும் அரிது.

மில்லிமீட்டர் கணக்கில் வெட்டும் இயந்திரத்துக்கோ பின்னமாக எழுதத்தக்க விகிதமுறு எண்ணே வேண்டும். 297-ஐ 210-ஆல் வகுத்துச் சுருக்கினால் 99/70 கிடைக்கிறது. 99-இன் வர்க்கம் 9801, 70-இன் வர்க்கத்தின் இருமடங்கு 9800. மிகை ஒன்றே ஒன்றுதான், எனினும் அந்த ஒன்றையும் இல்லாமலாக்கும் முழு எண் இணை எதுவும் கிடையாது. ஏ4-ஐ மடித்தால் வரும் 148.5 மில்லிமீட்டரில் அரையைத் தயக்கமின்றிக் கைவிட்டு, ஏ5-இன் அகலத்தை 148 எனத் தரம் வரையறுக்கிறது.