காடாம்புலியூரில் ஒரு மர நகரம்

கதை எழுதுகிறவனுக்கு வீட்டு வரைபடத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நானும் காகிதத்தில் பல வீடுகளைக் கட்டியவன். மாமியார் எந்த அறையில் படுப்பாள், சண்டை நடக்கும்போது குழந்தை எங்கே நிற்கும், தபால்காரன் குரல் கொல்லைப்புறம் வரை கேட்குமா என்பதெல்லாம் தெரியாமல் ஓர் அத்தியாயத்தைக்கூட எழுத முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் எந்த வரைபடத்தையும் பார்க்கிறேன். அதில் யார் குடியிருப்பார்கள் என்று தேடுகிறேன்.

கட்டடக்கலை படிக்கும் ஓர் இளைஞர் தம் படிப்புக்காகத் தயாரித்த திட்டம் ஒன்றை அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருந்தார். அவர் தேர்ந்துகொண்ட இடம் காடாம்புலியூர். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் பெருஞ்சாலையில், நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் செம்மண் ஊர்; முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன வட்டாரம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு இடம் பெயர்கிறவர்களுக்காக ஒரு குடியிருப்பு. கீழே கடை, பட்டறை, பாலர் பள்ளி. மேலே மூன்று அடுக்கு வீடுகள். அத்தனையும் மரத்தால். படம் மிக அழகாயிருந்தது. அந்த அழகே எனக்கு முதல் சந்தேகத்தைக் கிளப்பியது என்றாலும், யோசனையைப் பரிகாசம் செய்ய நான் தயாராக இல்லை.

ஏனென்றால் இது கனவு அல்ல. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசையிட்டு அழுத்தி, சுவர் கனத்துக்குப் பாளம் பாளமாகச் செய்கிறார்கள். நார்வேயில் புரூமுன்டால் என்ற சிற்றூரில் 2019-இல் 18 மாடி மரக் கட்டடம் ஒன்றை 85 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிவிட்டார்கள். மரம் எரியாதா என்று கேட்பது இயல்பு. எரியும். ஆனால் கனத்த மரம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான் கரியாகும். அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குக் கவசமாகிறது. உலகத்தில் மனிதர்கள் காற்றில் கலக்கும் கரியமில வாயுவில் சுமார் நூற்றுக்கு எட்டுப் பங்கு சிமென்டுத் தொழிலிலிருந்து வருகிறது. மரமோ அந்த வாயுவைக் குடித்து வளர்ந்தது. ஒரு கன மீட்டர் ஊசியிலை மரத்துக்குள் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு அடங்கிக் கிடக்கிறது. நிலக்கரி தோண்டும் ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வீடு வரவேண்டும் என்று ஓர் இளைஞருக்குத் தோன்றியதே எனக்குப் பிடித்திருக்கிறது.

நிற்க. மரம் எங்கிருந்து வரும்?

திட்டத்தின் ஒரு மூலையில், சின்ன எழுத்தில், ஐரோப்பிய ஊசியிலை மரம் என்று குறித்திருந்தார். இது நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டார் பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூண் நிறுத்தினார்கள். பர்மாவில் வட்டிக்கடை இருந்தவரைக்கும் அது நடந்தது. நிலம் இழந்த குடும்பத்துக்கு வட்டிக்கடை ஏது? உள்ளூரிலேயே கிடைக்கும் பொருளைக் கொண்டு கட்டுவதாக முகவுரையில் எழுதிவிட்டுச் சுவரைக் கடல் கடந்து வரவழைப்பது, கிராமத்துக் கதை என்று பேர் போட்டுக்கொண்டு பாத்திரங்களை லண்டனிலிருந்து இறக்குவதைப் போலத்தான்.

உள்ளூர் மரம் என்றால் பலா. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவில்தான் தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடைகிறார்கள். மிருதங்கக் கட்டைக்கும் அதுவே உயர்ந்தது என்பார்கள். வைரம் பாய்ந்த பலாவை அறுத்தால் மஞ்சளாக இருக்கும். நிலைக்கும் கதவுக்கும் அதற்கு நிகர் தேடவேண்டும். ஆனால் காய்க்கிற பலாவை யார் வெட்டுவார்கள்? அந்த மரம் வருஷா வருஷம் குத்தகைப் பணம் தருகிறது. பள்ளிக்கூடச் சம்பளம், பெண்ணுக்கு ஒரு பவுன், தகப்பனாரின் வைத்தியச் செலவு எல்லாம் அதன் அடிமரத்தில் தொங்குகின்றன. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பாட்டன் வைத்த பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அன்று அந்த ஊர்க்காரர்கள் அழுததை மரத்துக்காக அழுதார்கள் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மீண்டும் நட்டவை இப்போதுதான் நிமிர்ந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஒருவர் கன அடிக் கணக்குப் போட்டால், அந்த ஊரில் அவருக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. சவுக்கு நாலைந்து வருஷத்தில் வந்துவிடும், மெய்தான். அது கழியாகுமே தவிர உத்திரமாகாது.

மரத்தில் வீடு கட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். மத்திய பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் கூடாது என்று 1993-இல் தடை போட்டு, 2020-இல்தான் அதை எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் ஓர் எஞ்சினீயர் வேலையில் சேர்ந்து ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருப்பார். ஆசாரியின் மகன் பிளைவுட் கடையில் இருக்கிறான்.

இனி, இதைவிட எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். திட்டமிட்ட குடியிருப்பு என்றால் என்ன ஆகும் என்று அறிய இளைஞர் வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறார். பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 1956-இல் நிறுவனம் பிறந்தது; 1957-இல் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். தெருவுக்கு எண், பகுதிக்கு ‘வட்டம்’ என்று பெயர், உத்தியோகப் படிக்கு ஏற்ற வீடு, நடுவே மெயின் பஜார், பள்ளி, ஆஸ்பத்திரி, எங்கு பார்த்தாலும் நிழல். நம் நகரங்களில் பலவற்றைவிட அது சுகமான ஊர் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யவேண்டும். முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரத்தை அடுத்த குடித்தனக்காரரிடம் விட்டுவிட்டு வண்டி ஏறவேண்டும். இங்கே ஒரு நாவலுக்குரிய துயரம் இருக்கிறது. எழுதியிருந்தால் நான் படித்ததில்லை.

செங்கல் வீட்டுக்கு இது அவ்வளவு பாதகமில்லை. மர வீட்டுக்கு இது எமன். கறையான் ஏறுகிறதா என்று மாதம் ஒரு முறை தட்டிப் பார்க்க வேண்டும். மழைக்கு முன் எண்ணெய் பூச வேண்டும். ஒழுகும் ஓட்டை அன்றைக்கே மாற்ற வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது சரிவான கூரையாலும், காற்றோட்டத்தாலும், விடாமல் பார்த்துக்கொள்ளும் கைகளாலும்தான். யாருக்குச் சொந்தம் என்று நிச்சயமில்லாத வீட்டுக்கு யார் எண்ணெய் பூசுவார்கள்? 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்த ஜனங்கள் இவர்கள். நிலம் முன்பே எடுக்கப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று என்று நிறுவனம் சொன்னது. பயிர் மட்டும் நின்றது. அப்படிப்பட்டவர்களிடம் அழகான வரைபடத்தைக் காட்டுமுன் பட்டாவைக் காட்டவேண்டும். முப்பது பக்கத் திட்டத்தில் அந்தச் சொல்லே வரவில்லை.

கீழே தொழில், மேலே வீடு என்கிறார். நல்லது. காடாம்புலியூர்ப் பக்கம் அது இப்போதே நடக்கிறது. வாசலிலும் கொட்டகையிலும் முந்திரிக்கொட்டை உடைக்கிறார்கள். படத்தில் கீழ்த்தளத்தில் காபிக் கடையும் கைவினைப் பொருள் கடையும் இருக்கின்றன. கொட்டை வறுக்கும் புகைக்கும், விரலைப் பொசுக்கும் ஓட்டு எண்ணெய்க்கும் இடமில்லை. அவற்றைச் செய்யும் பெண்களுக்கும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஓட்டு எண்ணெயை மரத்திலும் படகிலும் பூசிக் கறையானையும் பூச்சியையும் தடுப்பது பழைய வழக்கம். திட்டத்தில் கறையானுக்கு வெளிநாட்டு மருந்து ஒன்று எழுதியிருக்கிறது. மருந்து அடுத்த தெருவில் பீப்பாயில் இருக்கிறது!

ஆகையால் நான் அவருக்குச் சொன்னது இதுதான். முழுவதும் மரம் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 2022-இல் முடித்த 25 மாடிக் கட்டடத்திலேயே கீழ் மாடிகள் கான்கிரீட், மேலேதான் மரம். இங்கே கீழ்த்தளத்தை நெய்வேலிச் சாம்பல் செங்கல்லால் கட்டுங்கள். வறுக்கும் அடுப்பு வீட்டை விட்டுத் தள்ளி, காற்று போகும் திசையில் இருக்கட்டும். மேலே ஒரு மாடி போதும். தளமும் கூரையும் மரத்தில் இருக்கட்டும், புயலுக்குப் பறக்காதபடி இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்து. மூன்று மாடி வேண்டாம். மூன்றாவது மாடியில் ஆடு கட்ட முடியாது, பலாச்சுளை காயவைக்க முடியாது. கிழவர் இறந்துபோனால் அந்தக் குறுகின படியில் பாடையை எப்படித் திருப்புவார்கள்?

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார். பிறகு படியின் அகலத்தை அளந்து பார்த்தார். மனையின் வடகிழக்கில் பத்துப் பதினைந்து பச்சை வட்டங்கள் போட்டிருந்தார். என்ன மரம் என்று கேட்டேன். ஏற்கெனவே நிற்கிற பலா என்றார். யாருடையது என்று கேட்டதற்கு, விசாரித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.